கோச்சிங் எடுத்தா வியாபாரம் வளருமா? இளம்பிள்ளையில ஒரு கணக்கு

இன்னைக்குப் பேசப்போறது கோச்சிங் பத்தி. டியூஷன் இல்லைங்க. ஆன்லைன்ல சின்னதா ஒரு வியாபாரம் ஆரம்பிச்சு, கொஞ்சம் ஓட ஆரம்பிச்சதும், ‘நான் கூட இருந்து வழிகாட்டறேன், உங்க தொழிலைப் பெருசாக்கிக் காட்டறேன்’னு போன்ல விளம்பரம் வருது பாருங்க, அந்த கோச்சிங். அதுக்குப் பணம் கட்டலாமா, கட்டினா என்ன கிடைக்கும், எது கிடைக்காது, நல்ல வழிகாட்டின்னா அவர் என்ன செய்வார். இதைத்தான் பார்க்கப்போறோம்.

சேலம், நாமக்கல் பக்கம் இந்தக் கேள்விக்கு ரொம்பப் பொருத்தமான ஊர் இளம்பிள்ளை. சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலைக்குப் பக்கத்துல. தறிச்சத்தம் ஓயாத ஊரு. முன்னெல்லாம் வெளியூர் ஜவுளிக்கடைக்காரங்க வந்து, பார்த்து, பேரம் பேசி, கட்டுக்கட்டா எடுத்துட்டுப் போவாங்க. இப்பவும் வர்றாங்க. ஆனா அதே தெருவுல வீட்டு முன் ரூம்ல ஒரு ரிங் லைட், ஒரு போன் ஸ்டாண்ட், பின்னாடி கலர் கலரா அடுக்கி வச்ச சேலை. ‘சிங்கிள் பீஸும் ஹோல்சேல் விலைதான், ரீசெல்லர்ஸ் வெல்கம், புடிச்ச சேலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்ல அனுப்புங்க, பார்சல் பிரிக்கறப்போ ஓப்பனிங் வீடியோ கட்டாயம்.’ இதைக் கேக்காம நீங்க யூடியூப்பைத் தாண்டி வந்திருக்கவே முடியாது.

இந்த வியாபாரத்துல நிறைய பேர் பொம்பளைங்க. வீட்டுல இருந்தபடியே, குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, பத்து மணிக்கு லைவ் போடறவங்க. இளம்பிள்ளைல மட்டும் இல்லை. இங்க இருந்து சேலை எடுத்து ராசிபுரத்துல, ஆத்தூர்ல, திருச்செங்கோட்டுல, கோயமுத்தூர்ல விக்கற ரீசெல்லர் நிறைய பேர். கடை வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை. கையில ஒரு போன். உள்ள வர்றது சுலபம். அதனாலயே போட்டியும் ஜாஸ்தி. ஆர்டர் வருது, ஆனா காசு நிக்கலைங்கற இடத்துல வந்து நிக்கறாங்க. சரியா அந்த நேரத்துலதான் கோச்சிங் விளம்பரம் கண்ணுல படுது.

சின்ன வியாபாரிங்களோட உட்கார்ந்து அவங்க கணக்கைப் பார்க்கறதுதான் என் வேலை. அதனால தியரி பேசாம, நேரா ஒரு கணக்குக்குப் போயிடலாம். புரியறதுக்காக முழு எண்ணாச் சொல்றேன். உங்க சேலை, உங்க விலை வேறயா இருக்கும். கணக்கு போடற முறை ஒண்ணுதான்.

ஒரு அக்கா. வாரத்துக்கு நூறு பார்சல் போகுது. பார்க்கறவங்களுக்கு நல்லா ஓடற வியாபாரம். மேசை மேல லேபிள் அடிக்கற குட்டி பிரிண்டர், பக்கத்துல கூரியர் கவர் கட்டு, டேப்பு, ஒரு கோடு போட்ட நோட்டு. நோட்டுல என்ன இருக்குதுன்னா, பேரு, ஊரு, சேலைக் கலர், தொகை. அவ்வளவுதான். ‘ஒரு சேலைக்கு எவ்வளவுங்க்கா நிக்குது?’ன்னு கேட்டா, யோசிக்காம பதில் வருது: ‘நூறு ரூபாய் நிக்குதுப்பா.’

(திரையில் கணக்கு ஒவ்வொரு வரியாக வரட்டும்.)

சேலை வாங்கற விலை 600. அதுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 30 ரூபாய். ஆக 630. விக்கற விலை 799, கூரியர் ஃப்ரீன்னு போட்டிருக்காங்க. ஃப்ரீன்னா வாங்கறவங்களுக்குத்தான் ஃப்ரீ. நமக்கு 60 ரூபாய். கவர், லேபிள், டேப் எல்லாம் சேர்த்து 10. மொத்தம் 700. மிச்சம் 99. அக்கா சொன்னது சரிதான், நூறு ரூபாய் நிக்குது.

இப்போ நூறு பார்சலைத் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். கேஷ் ஆன் டெலிவரி, சிஓடின்னு சொல்றோமே, அதுல அனுப்பறாங்க. நூறுல பதினஞ்சு திரும்பி வருது. ‘வீட்டுல ஆள் இல்லை’, ‘நான் ஆர்டரே போடலை’, ‘வீட்டுக்காரர் வேண்டாம்னுட்டார்.’ மீதி 85 சேலைக்கு, சேலைக்கு 99 வீதம் 8,415 ரூபாய். திரும்பி வந்த ஒவ்வொண்ணுக்கும் போகக் கூரியர் 60, வரக் கூரியர் 60, கவர் 10. ஒரு பார்சலுக்கு 130, பதினஞ்சுக்கு 1,950. கழிச்சா 6,465. திரும்பி வந்ததுல ரெண்டு சேலை மடிப்புக் கலைஞ்சு, கறை பட்டு, மறுபடி விக்க முடியாது. 1,260 போச்சு. இப்போ 5,205. அந்த நூறு ஆர்டரைக் கொண்டுவர இன்ஸ்டாகிராம்ல விளம்பரத்துக்குப் போட்டது 3,000. கடைசியா நிக்கறது 2,205 ரூபாய்.

ஒரு பார்சலுக்கு 22 ரூபாய். சிஓடிக்குன்னு கூரியர் கம்பெனி தனியா எடுக்கற காசை இதுல சேர்க்கவே இல்லை. அக்காவோட உழைப்பையும் சேர்க்கலை. ராத்திரி பதினோரு மணிக்கு ‘இந்தக் கலர் இருக்குங்களா’ன்னு வர்ற மெசேஜுக்குப் பதில் போடறதையும் சேர்க்கலை.

இங்கதான் வழிகாட்டியோட வேலை ஆரம்பிக்குது. ஆன்லைன் கோச்சிங்ல நிறைய பேர் இந்த இடத்துல ‘விளம்பரத்தை ரெண்டு மடங்காக்குங்க, ஸ்கேல் பண்ணுங்க’ன்னு சொல்லுவாங்க. அந்தக் கணக்கோட ரெண்டு மடங்காக்கினா என்ன ஆகும்? ரெண்டு மடங்கு வேலை, ரெண்டு மடங்கு ரிட்டர்ன், பார்சலுக்கு அதே 22 ரூபாய். பெருசாகறதும் வளர்றதும் ஒண்ணுன்னு நினைக்கறது இந்தத் தொழில்ல ரொம்பப் பேரைக் கடன்ல தள்ளியிருக்கு. இதை நான் கோபமாத்தான் சொல்றேன். ஏன்னா நகையை வச்சு விளம்பரத்துக்குப் பணம் கட்டினவங்க வீட்டு வாசல்ல நான் நின்னிருக்கேன்.

நல்ல வழிகாட்டி பதில் சொல்ல மாட்டார், கேள்வி கேப்பார். ‘அக்கா, திரும்பி வந்த பதினஞ்சும் யாரு வாங்கினது?’ அக்காவுக்குத் தெரியலை. நோட்டைப் புரட்டிப் பார்க்கறாங்க. பழைய கஸ்டமர் ஒருத்தர் கூட இல்லை. ரீசெல்லர் ஒருத்தரும் இல்லை. பதினஞ்சுமே விளம்பரத்தைப் பார்த்து முதல் தடவை வாங்கினவங்க. ‘அப்போ என்ன பண்ணலாங்க்கா?’ அவ்வளவுதான் கேட்டது. முடிவு அக்காவோடது: புதுசா வாங்கறவங்க 100 ரூபாய் முன்பணம் ஜிபே பண்ணினாத்தான் பார்சல் போகும், மீதி கையில வாங்கிக்கலாம். ‘ஆர்டர் குறைஞ்சு போயிடுமேப்பா’ன்னு பயம். குறையத்தான் செய்யும். நூறு எண்பதாகுதுன்னு வச்சுக்குவோம்.

எண்பதுல நாலு திரும்பி வருது. 76 சேலைக்கு 99 வீதம் 7,524. திரும்பின நாலுக்கும் 130 வீதம் செலவு, ஆனா முன்பணம் 100 நம்மகிட்ட இருக்கு. அப்போ நஷ்டம் ஒண்ணுக்கு 30, மொத்தம் 120. அதுல ஒரு சேலை கெட்டுப்போச்சுன்னே வைங்க, 630. விளம்பரம் அதே 3,000. மிச்சம் 3,774. இருபது பார்சல் குறைச்சலா அனுப்பி, கையில நிக்கற காசு ஒன்றரை மடங்குக்கு மேல.

இதுல மந்திரம் எதுவும் இல்லைங்க. இந்தக் கணக்கு அந்த நோட்டுக்குள்ளயே இருந்துச்சு. கேக்கறதுக்கு ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். நம்ம தொழிலுக்குள்ள நாமளே இருக்கறப்போ தினம் நூறு வேலை இழுக்கும். லேபிள் ஒட்டணும், கூரியர் பையன் வந்து நிக்கறான், குழந்தை அழுது. உட்கார்ந்து ‘யாரு திருப்பி அனுப்பறா’ன்னு யோசிக்க நேரம் ஒதுக்க மாட்டோம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அந்த யோசனைக்குன்னு ஒதுக்க வைக்கறதுதான் கோச்சிங்கோட முழு மதிப்பும். மத்ததெல்லாம் மேல் பூச்சு.

நாமக்கல் பக்கம் இருக்கறவங்களுக்கு இதைப் புரிய வைக்கறது இன்னும் சுலபம். ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்குப் போய்ப் பாருங்க. ஒவ்வொரு செட்டுக்கும் தனியா ஒரு நோட்டு இருக்கும். இன்னைக்கு எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம், எத்தனை கோழி செத்துச்சு. ஒரு கோழி நாளைக்குச் சுமாரா 110 கிராம் தீவனம் தின்னும். அது திடீர்னு இறங்கினா, முட்டை குறையறதுக்கு முன்னாடியே பண்ணைக்காரருக்குத் தெரிஞ்சிடும், ஏதோ கோளாறுன்னு. டாக்டரைக் கூப்பிடுவார். ஆயிரக்கணக்குல கோழி வச்சிருக்கறவர் ஒவ்வொரு கோழியையும் பார்க்க முடியாது. எண்ணைப் பார்க்கிறார். நம்ம சேலை அக்காவுக்கு ரிட்டர்ன் எண்ணிக்கைதான் அந்தத் தீவனக் கணக்கு.

நாமக்கல் முட்டைக்கு இன்னொரு வரலாறும் இருக்கு, அது வழிகாட்டுதல் பத்தின வரலாறுதான். 1980களோட தொடக்கத்துல நாடு முழுக்க முட்டை விலையை வியாபாரிங்கதான் சொன்னாங்க. பண்ணைக்காரருக்குச் செலவுக்குக் கீழ விலை. அடுத்த ஊர்ல என்ன விலை போகுதுன்னு தெரியாது. வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் பி.வி.ராவ் ஊர் ஊராப் போய்ப் பண்ணைக்காரங்களைக் கூட்டிப் பேசினார். 1982-ல தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாச்சு. ‘என் முட்டை, என் விலை, என் வாழ்வு’ங்கறதுதான் அதோட முழக்கம். இன்னைக்கும் நாமக்கல் மண்டல முட்டை விலைன்னு நியூஸ்ல வருதே, அது இப்படி வந்ததுதான். யாரும் பண்ணைக்காரருக்குக் கோழி வளர்க்கக் கத்துக்கொடுக்கலை. அது அவங்களுக்கே தெரியும். தங்களோட செலவு என்ன, அடுத்தவர் விலை என்னன்னு ஒரே இடத்துல உட்கார்ந்து பார்க்க வச்சாங்க. அவ்வளவுலயே பேரம் பேசற பலம் கைமாறிடுச்சு.

சரி, ‘வழிகாட்டி வந்தா வியாபாரம் நிஜமாவே உயருமா, இல்லை மனசுக்கு ஆறுதலா?’ன்னு கேப்பீங்க. இதை அளந்து பார்த்திருக்காங்க. நம்ம ஊருக்கு ரொம்ப நெருக்கமான சோதனை ஒண்ணு துணி நெய்யற ஆலைங்கள்லயே நடந்திருக்கு. மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம், உலக வங்கியோட டேவிட் மெக்கென்சி, கூட மூணு ஆய்வாளர்கள். நம்ம வீட்டுத் தறிக்கூடம் மாதிரி இல்லை, நூத்துக்கணக்குல ஆள் வேலை செய்யற கம்பெனிங்க. ஒரு பகுதி ஆலைங்களுக்கு மட்டும் அஞ்சு மாசம் இலவசமா ஆலோசகரை அனுப்பினாங்க. முதல் மாசம் என்ன நடக்குதுன்னு பார்க்க, அடுத்த நாலு மாசம் மாத்தறதுக்கு. ஆலோசகர் சொல்லிக்கொடுத்தது பெரிய ரகசியம் எதுவும் இல்லை. தறி ஏன் நின்னுச்சுன்னு எழுதி வை, துணியில வர்ற பழுதைத் தினமும் குறிச்சு வை, நூல் ஸ்டாக்கை வகை பிரிச்சு அடுக்கு. ஒரு வருஷத்துல அந்த ஆலைங்களோட உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடிச்சு.

முன்னாடியே ஏன் செய்யலை? முதலாளிங்களைக் கேட்டா, ‘எங்க தரம் பக்கத்து ஆலை மாதிரிதான் இருக்கு, எதுக்கு மாத்தணும்?’ங்கற நினைப்பு. பக்கத்துல இருக்கறவனோட ஒப்பிட்டே பழகிட்டோம்னா, எல்லாரும் சேர்ந்து பின்தங்கியிருக்கறது கண்ணுல படாது. இளம்பிள்ளைல ‘எல்லாருக்கும்தான் ரிட்டர்ன் வருது’ன்னு சொல்றப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அந்த ஆய்வுக் குழு 2017-ல மறுபடி போச்சு. கத்துக்கிட்ட பழக்கங்கள்ல பாதி கைவிட்டுப் போயிருந்துச்சு. காரணமா முக்கியமாச் சொன்னது ரெண்டு: மேனேஜர் மாறிட்டார், முதலாளிக்கு நேரம் இல்லை. அப்படியும் அந்த அஞ்சு மாச உதவி கிடைக்காத ஆலைங்களைவிட இவங்க மேலதான் இருந்தாங்க. இதுல நமக்கு என்ன இருக்குன்னா, கோச்சிங்ல கத்துக்கிட்டது ஒரு ஆளோட தலைக்குள்ள மட்டும் இருந்தா அந்த ஆளோட போயிடும். கணக்கு எழுதறது அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. பார்சல் கட்டற தங்கச்சிக்கும் தெரியணும், சாயங்காலம் வந்து உதவற வீட்டுக்காரருக்கும் தெரியணும். அக்கா ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தாலும் நோட்டு நிக்கக் கூடாது.

அடுத்தது, யாரை வழிகாட்டியா வச்சுக்கறது. இதுக்கு எனக்குப் பிடிச்ச ஆய்வு நைரோபில நடந்தது. கென்யாவோட தலைநகர். அங்க டன்டோராங்கற பகுதி, சின்னச் சின்னக் கடை வச்சிருக்கற இளம் பொம்பளைங்க. ஒரு பிரிவுக்கு வகுப்பு எடுத்தாங்க: கணக்கு, மார்க்கெட்டிங், திட்டமிடல். இன்னொரு பிரிவுக்கு வகுப்பே இல்லை. அதே ஊர்ல, அதே தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்ட ஒரு பொம்பளையைத் துணைக்குச் சேர்த்து விட்டாங்க. போய்ப் பேசு, கேளு. வகுப்புல உட்கார்ந்தவங்க லாபத்துல பெருசா மாற்றம் இல்லை. மூத்தவங்களோட சேர்ந்தவங்க லாபம் சராசரியா 20 சதவீதம் கூடிச்சு. எப்படின்னு பார்த்தா, முக்கியமான விஷயம் எங்க சரக்கு மலிவாக் கிடைக்கும், எந்த சப்ளையர் சரியான ஆளுங்கறதுதான். புத்தகத்துல இல்லாத உள்ளூர் விவரம்.

இந்த விவரத்தை டெல்லில இருந்து ஜூம்ல பாடம் எடுக்கறவர் உங்களுக்குத் தர முடியாதுங்க. எந்தத் தறிக்காரர் சாயம் போகாத நூல் போடறார், ஆடிக்கு எந்தக் கலர் போகும், தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னாடி கூரியர் ஆபீஸ்ல பார்சல் மலையாத் தேங்கும், ஐப்பசி மழைல கவருக்குள்ள இன்னொரு பிளாஸ்டிக் உறை போடணுமா வேண்டாமா. இது உங்க தெருவுல பத்து வருஷம் சேலை வித்தவங்களுக்குத் தெரியும்.

வரி விஷயத்தையே எடுத்துக்குங்க. வெளியூர் கோச் ‘இந்தியா முழுக்க விக்கலாம்’னு சொல்லிட்டுப் போயிடுவார். நமக்கு சேலத்துல இருந்து பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர். அங்க தமிழ்க் குடும்பங்க நிறைய, ஆர்டர் வரத்தான் செய்யும். ஆனா தமிழ்நாட்டுக்குள்ள சரக்கு விக்கற வரைக்கும் வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மாநில எல்லை தாண்டி ஒரு விசைத்தறிச் சேலை அனுப்பினாலும் பதிவு வேணும், தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருளுக்குத் தனிச் சலுகை இருக்கு, ஆனா நம்ம ஊர்ல ஓடறது பெரும்பாலும் விசைத்தறி. அமேசான், மீஷோ மாதிரி தளத்துல தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் விக்கற சின்ன வியாபாரிக்கு 2023 அக்டோபர் 1-ல இருந்து பதிவு இல்லாமலே, ஒரு என்ரோல்மென்ட் நம்பர் மட்டும் வாங்கிட்டு விக்க வழி பண்ணியிருக்காங்க. ஓசூரோட நிறுத்திக்கறதா, பெங்களூருக்குப் போறதாங்கறது விளம்பர முடிவு இல்லை, பதிவு முடிவு. உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நைரோபி ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு. மூத்தவங்களோட சந்திப்பு நின்ன பிறகு, கூடின லாபமும் மெல்ல மெல்லக் கரைஞ்சிடுச்சு. அதனால ‘மூணு நாள் ஒர்க்‌ஷாப், வாழ்க்கையே மாறிடும்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மூணு நாள்ல கைதட்டலாம், பாட்டு போட்டு ஆடலாம், ஊருக்கு வந்து ஒரு வாரம் உற்சாகமா இருக்கலாம். அடுத்த மாசம் கூரியர் பில் வர்றப்போ கூட யார் இருப்பாங்கங்கறதுதான் கேள்வி.

‘இப்பத்தான் போன்லயே ஏஐ இருக்கே, அதுகிட்டக் கேட்டா போதாதா?’ இதையும் கென்யாலயே சோதிச்சிருக்காங்க, வாட்ஸப் வழியா. சராசரியாப் பார்த்தா பலன் இல்லை. ஏற்கெனவே நல்லாப் பண்ணிட்டிருந்தவங்களுக்கு லாபம் கூடிச்சு, தடுமாறிட்டிருந்தவங்களுக்குக் குறைஞ்சுது. கிடைச்ச யோசனையில எது நமக்குப் பொருந்தும்னு பிரிச்சுப் பார்க்கற கண்ணு முன்னாடியே இருக்கணும். விவரம் போடற மெசேஜ் எழுத, சேலை வர்ணனை எழுத ஏஐ நல்லா உதவும். விலையைக் குறைக்கலாமா வேண்டாமான்னு கேட்டு, அது சொன்னபடி செஞ்சிடாதீங்க.

இன்னொரு விஷயம், நான் உட்காரற எல்லா வீட்டுலயும் முதல்ல கேக்கறது. ‘ஜிபே நம்பர் எத்தனை வச்சிருக்கீங்க?’ பெரும்பாலும் ஒண்ணுதான். சேலைக் காசும் அதுலதான் வருது, மளிகைக்கும் அதுலதான் போகுது, மகனோட பஸ் ஃபீஸும் அதுலதான். மாசக் கடைசில அக்கவுண்ட்ல இருக்கறது லாபமா, சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியா, வீட்டுக்காரர் சம்பளமான்னு யாருக்கும் தெரியாது. டொமினிகன் குடியரசுல சின்ன வியாபாரிங்களை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, ஒரு பிரிவுக்கு முறையான கணக்குப்பதிவு, இன்னொரு பிரிவுக்கு எளிமையான சில விதிங்க மட்டும் கத்துக்கொடுத்துப் பார்த்தாங்க. கடைக்காசையும் வீட்டுக்காசையும் தனித்தனியா வை, கடையில இருந்து உனக்குன்னு இவ்வளவுதான் எடுத்துக்கோன்னு அந்த மாதிரி விதி. எளிய விதிதான் பழக்கத்தை மாத்துச்சு, கணக்குப்பதிவுப் பாடம் இல்லை. அதனால இன்னொரு பேங்க் அக்கவுண்ட், அதுக்கு இன்னொரு யூபிஐ. மாசம் ஒரு தொகையை ‘அக்கா சம்பளம்’னு வியாபார அக்கவுண்ட்ல இருந்து வீட்டு அக்கவுண்டுக்கு மாத்துங்க. இதுக்கு ஒரு பைசா ஃபீஸ் இல்லை. ஆனா இதைச் செய்யச் சொன்னா எல்லாரும் தயங்கறாங்க. ஏன்னா அப்பத்தான் உண்மை தெரியும்.

சில வீட்டுல அந்த உண்மை என்ன காட்டுதுன்னா, இந்த வியாபாரத்தை நிறுத்தறது நல்லதுன்னு. அதையும் வாய்விட்டுச் சொல்றவர்தான் வழிகாட்டி. ‘விடாதீங்க, முயற்சி பண்ணுங்க’ன்னு மட்டும் சொல்றவருக்கு, நீங்க விட்டா ஃபீஸ் நின்னு போயிடும்.

இப்போ, பணம் கட்டறதைப் பத்தி. வாரத்துக்கு இருபது, முப்பது பார்சல் போகற நிலைல இருக்கறவங்க பணம் கட்டி கோச் வைக்க வேண்டாங்கறது என் கருத்து. அந்தக் காசு உங்க ஸ்டாக்குக்குப் போகட்டும். அரசாங்கத்துலயே இடம் இருக்கு. சேலத்துலயும் நாமக்கல்லயும் மாவட்டத் தொழில் மையம் இருக்கு. கடன் திட்டத்துக்கு மட்டும்தான் அங்க போகணும்னு நினைக்காதீங்க, பயிற்சி விவரமும் அங்க கேக்கலாம். தமிழ்நாடு அரசோட தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் 2001-ல தொடங்கினது, சென்னைல கிண்டி பக்கம் ஈக்காட்டுத்தாங்கல்ல. தொழில் தொடங்கறவங்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி எல்லாம் அவங்க நடத்தறாங்க. சுயஉதவிக் குழுல இருக்கறவங்க, கலெக்டர் ஆபீஸ்ல மகளிர் திட்டப் பிரிவுல ‘மதி’ விற்பனை பத்திக் கேளுங்க. கொல்லிமலை மிளகு, தேன், ஜவ்வரிசி வத்தல்னு சாப்பிடற பொருள் விக்கறவங்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. அதை முடிக்காம வீடியோ போடாதீங்க.

அதுக்கு மேல வளர்ந்துட்டீங்க, ஒருத்தர் கூட இருந்தா நல்லதுன்னு தோணுது, அப்போ கட்டுங்க. ஆனா பணம் அனுப்பறதுக்கு முன்னாடி அவர்கிட்ட மூஞ்சிக்கு நேரா கேளுங்க: ‘நீங்க கடைசியா என்ன பொருள் வித்தீங்க? ரிட்டர்ன் எத்தனை வந்துச்சு?’ கோச்சிங் விக்கறதைத் தவிர வேற எதையும் வித்ததில்லைன்னா, அவர்கிட்ட நீங்க கத்துக்கப்போறது கோச்சிங் விக்கறது எப்படின்னுதான். என் நோட்டைப் பார்ப்பீங்களா, இல்லை உங்க வீடியோவை மட்டும் நான் பார்க்கணுமான்னு கேளுங்க. மாசாமாசம் கட்டலாமா, நடுவுல நிறுத்தலாமான்னு கேளுங்க. ‘இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள கட்டினா பாதி விலை’ன்னு சொன்னா, போனை வச்சிடுங்க. உங்க கணக்கைப் பார்க்காமலே விலை சொல்ற ஆளுகிட்ட அவசரப்படறதுக்கு ஒண்ணும் இல்லை.

கடைசியா ஒண்ணு, காசில்லாமச் செய்யறது. அகமதாபாத்துல சேவா வங்கின்னு, சுயதொழில் பொம்பளைங்களுக்கான கூட்டுறவு வங்கி. அங்க ரெண்டு நாள் பயிற்சிக்கு சிலரைத் தனியா வரச் சொன்னாங்க, சிலரை ஒரு தோழியைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பாடம் ஒண்ணுதான். தோழியோட வந்தவங்கதான் நாலு மாசம் கழிச்சுத் தொழில் அளவுலயும் வருமானத்துலயும் முன்னேறியிருந்தாங்க. தனியா வந்தவங்களுக்கு அந்த அளவு பலன் இல்லை.

நம்ம ஊர்ல இதைப் பண்றதுல ஒரு தயக்கம் இருக்கு, எனக்குத் தெரியும். ‘அவளும் சேலைதான் விக்கறா, என் கணக்கை அவகிட்ட எப்படிக் காட்டறது?’ நியாயமான பயம். அப்போ சேலை விக்காத ஆளாப் பாருங்க. நீங்க சேலை, அவங்க கொலுசு. சேலம் செவ்வாய்ப்பேட்டைல வெள்ளி எடுத்து ஆன்லைன்ல விக்கறவங்க இப்போ நிறைய பேர். இல்லைன்னா பலகாரம் விக்கறவங்க, செடி விக்கறவங்க. சரக்கு வேற, ஆனா கூரியர் ஒண்ணு, ரிட்டர்ன் ஒண்ணு, ஜிபே குழப்பம் ஒண்ணு. வாரத்துல ஒரு நாள், லைவ் இல்லாத நாளாப் பார்த்து, ரெண்டு பேரும் நோட்டைத் திறந்து வச்சு உட்காருங்க. முதல் தடவை உட்காரறப்போ வேற எதுவும் பேச வேண்டாம். போன வாரம் அனுப்பின பார்சல் எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, திருப்பினவங்க யாரு யாருன்னு மட்டும் அவங்க கேக்கட்டும், நீங்க நோட்டைப் பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் நோட்டு மாறட்டும், நீங்க கேளுங்க.

உங்க கணக்குல பார்சலுக்கு எவ்வளவு நின்னுச்சுன்னு போட்டுப் பார்த்துட்டு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல சிஓடி ரிட்டர்ன் எந்தெந்தக் காரணத்துக்கு வருதுன்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்க்கலாம். வரேங்க.